நாய்க்குப் பூச்சி மருந்து தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடையில் போய் "நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் ஏதோ ஒன்று கைக்கு வந்துவிடும். அது உங்கள் நாயின் வயிற்றில் இருக்கும் புழுவுக்கு வேலை செய்யுமா, அதன் எடைக்குப் போதுமா, அதன் வயதுக்கு ஆகுமா என்பதெல்லாம் வேறு கேள்விகள். எல்லாப் புழுவையும் கொல்லும் ஒரே மருந்து என்று ஒன்று கிடையாது. அதனால் எந்த கம்பெனி மருந்து நல்லது என்ற விசாரணையை முதலில் ஓரம் வையுங்கள். நாயின் எடை, என்ன புழு, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்கள் ஆகிய மூன்றும் தெரிந்தால், கம்பெனி எதுவாக இருந்தாலும் சரியான மருந்தை நீங்களே அடையாளம் கண்டுவிடலாம்.

எடை போடுங்கள்

பூச்சி மருந்தின் அளவு முழுக்க முழுக்க எடைக் கணக்குதான். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். சடைமுடி நாய் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் எடை மெஷின் இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். தூக்க முடியாத அளவு பெரிய நாயைக் கால்நடை மருத்துவமனையில் எடை பார்த்துக்கொள்ளலாம். குட்டியை ஒரு டப்பாவில் உட்கார வைத்து சமையலறைத் தராசிலேயே நிறுத்துவிடலாம். குட்டிகள் வாரத்துக்கு வாரம் எடை ஏறும் என்பதால் போன தடவை போட்ட எடையை நம்பி இந்தத் தடவை மருந்து கொடுக்கக் கூடாது. அளவு குறைந்தால் புழுக்களில் ஒரு பகுதி தப்பித்துவிடும், மருந்துதான் சரியில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

எந்தப் புழு என்று பாருங்கள்

குட்டிகளிடம் அதிகம் பார்ப்பது உருளைப்புழு. வெள்ளையாக, நீளமாக, சுருண்டு கிடக்கும். வாந்தியிலோ மலத்திலோ வந்தால் கண்ணுக்கே தெரியும். வயிறு மட்டும் உப்பி, மற்ற இடமெல்லாம் வற்றி, முடி பளபளப்பில்லாமல் இருக்கும் குட்டியைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். "எங்கள் குட்டி வெளியே போனதே இல்லையே, புழு எப்படி வரும்?" என்று பலர் கேட்பார்கள். தாயின் உடல் திசுக்களில் இந்தப் புழுவின் இளம்பருவம் வருடக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். நாய் சினையானதும் விழித்துக்கொண்டு, கடைசி வாரங்களில் கருப்பையில் இருக்கும் குட்டிகளுக்குப் போய்விடும். மிச்சம் மீதி பாலில் இறங்கும். ஆகவே தரையில் கால் வைக்காத குட்டிக்கும் உருளைப்புழு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கொக்கிப்புழுவைத்தான் நான் அதிகம் பயப்படச் சொல்வேன். ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் நீளம், மலத்தில் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். தாய்ப்பால் வழியாக வரும், வாய் வழியாக வரும், மண்ணில் படுத்தால் தோலைத் துளைத்துக்கொண்டும் வரும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்துப் போயிருந்தால், மலம் தார் போலக் கறுப்பாக இருந்தால், குட்டி சோர்ந்து படுத்தே கிடந்தால், கடைக்குப் போய் மாத்திரை வாங்கும் நேரம் அது இல்லை. அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைமையாகக்கூட இருக்கலாம்.

சாட்டைப்புழு வளர்ந்த நாய்களுக்கு வருவது. பெருங்குடலில் குடியிருக்கும். சளி கலந்த மலம், அதில் அவ்வப்போது புது ரத்தம், கொஞ்ச நாள் சரியாகி மறுபடி வருவது என்று இழுத்துக்கொண்டே போகும். முட்டையை விழுங்கியதிலிருந்து புழு முழு வளர்ச்சி அடைய சுமார் 3 மாதம் ஆகும். முட்டைகளோ மண்ணில் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

நாடாப்புழுவை அடையாளம் காண்பது சுலபம். ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியிலும் நாய் படுக்கும் துணியிலும் அரிசி மணி போல ஒட்டிக்கொண்டிருக்கும், புதிதாக இருந்தால் நெளியும். அது புழுவிலிருந்து கழன்று விழுந்த ஒரு கண்ணி. அதிகம் காணப்படும் வகை தெள்ளுப்பூச்சி மூலம் வருகிறது: நாய் தன் உடம்பைக் கடித்துச் சொறியும்போது ஒரு தெள்ளை விழுங்கிவிடும், புழு உள்ளே போய்விடும். இன்னும் சில வகைகள் பச்சை இறைச்சி, ஈரல், எலி, முயல் தின்னும் நாய்களுக்கு வரும்.

இதயப்புழு தனிக் கதை. கொசு பரப்புவது. குடலில் இருக்காது, இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாய்களிலும் இருக்கும். மலப் பரிசோதனையில் தெரியாது, ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். சாதாரணப் பூச்சி மாத்திரை இதை ஒன்றும் செய்யாது. இந்த நோய் உள்ள பகுதியில் இருப்பவர்கள் மாதா மாதம் கொடுக்கும் தடுப்பு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். 7 மாதத்துக்கு மேற்பட்ட நாய் என்றால் ரத்தம் பார்த்த பிறகுதான் அதைத் தொடங்குவார்கள்.

இன்னொன்று: பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகும் நாய்க்கெல்லாம் புழு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆசனவாய் ஓரத்தில் இருக்கும் சுரப்பிப் பைகள் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான் தேய்க்கும். தொடர்ந்து பேதியாகும் குட்டிக்கு ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஒட்டுண்ணிகளும் காரணமாக இருக்கலாம். இவை புழுக்களே அல்ல. காக்சிடியாவுக்குப் பூச்சி மாத்திரை துளியும் உதவாது, அதற்கு வேறு மருந்து.

சந்தேகம் இருந்தால் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். அன்றைக்கு இட்ட மலத்தில் ஒரு சிறு துண்டு, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் போதும். முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தால் முழு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். புழு முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது, அல்லது நாடாப்புழுவாக இருக்கும். நாடாப்புழு முட்டை கண்ணிக்குள்ளேயே அடைபட்டு வருவதால் நுண்ணோக்கியில் பல நேரம் சிக்காது. சாட்டைப்புழுவும் விட்டு விட்டுத்தான் முட்டையிடும்.

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இனி மருந்துப் பெயர்கள். ஐந்தாறு பெயர் தெரிந்தால் சந்தையில் இருக்கும் பெரும்பாலான பெட்டிகளைப் புரிந்துகொள்ளலாம்.

பைரன்டெல் உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் ஆனது. குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே ஏறும், அதனால் 2 வாரக் குட்டிக்கே கொடுக்கிறார்கள். நாடாப்புழுவை இது தொடாது. பிரசிகுவான்டெல் நேர் எதிர்: நாடாப்புழுவுக்கு மட்டும். ஃபெபன்டெல் உடம்புக்குள் போய் ஃபென்பென்டசோலாக மாறும் ஒரு மருந்து. இது சேர்ந்தால் சாட்டைப்புழுவும் பட்டியலுக்குள் வந்துவிடும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்த மாத்திரைதான் வளர்ந்த நாய்களுக்குப் பல கம்பெனிகளும் விற்பது. வழக்கமான அளவு பிரசிகுவான்டெல் 50 மில்லிகிராம், பைரன்டெல் பாமோயேட் 144 மில்லிகிராம், ஃபெபன்டெல் 150 மில்லிகிராம். 10 கிலோ எடைக்கு ஒரு மாத்திரை.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு அட்டையில் பைரன்டெல் 50 என்றும் இன்னொன்றில் பைரன்டெல் பாமோயேட் 144 என்றும் போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். 144 என்பது உப்போடு சேர்த்த எடை, 50 என்பது மருந்து மட்டும். பாமோயேட்டை எம்போனேட் என்று எழுதுவதும் உண்டு. 144 என்று போட்டது வீரியம் கூடியது என்று நினைத்து அதைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் அதே பெயரில் பெரிய நாய்களுக்கான மாத்திரையும் வரும், அதில் பிரசிகுவான்டெல் 175 மில்லிகிராம் இருக்கும். அது 35 கிலோவுக்கு ஒன்று. முன்பக்கப் படமும் பெயரும் ஒரே மாதிரி இருப்பதால் மில்லிகிராமைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கணக்கு இப்படி: நாய் 12.5 கிலோ, மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று என்றால் ஒன்றே கால் மாத்திரை. 14 கிலோ என்றால் ஒன்றரை. கூடக்குறைய வந்தால் கால் மாத்திரை மேலே போகலாமே தவிர, கீழே இறங்காதீர்கள். இந்த விதி மேலே சொன்ன கலவை மாத்திரைக்குத்தான், எல்லா மருந்துக்கும் அல்ல.

குட்டிகளுக்கு வரும் திரவ மருந்தில் பெரும்பாலும் பைரன்டெலும் ஃபெபன்டெலும் மட்டும் இருக்கும், ஒரு கிலோவுக்கு 1 மில்லி என்பது பரவலான கணக்கு. அதில் பிரசிகுவான்டெல் இல்லை என்றால் நாடாப்புழு போகாது. மாதா மாதம் சிரப் கொடுத்தும் படுக்கையில் அரிசி மணி கிடக்கிறதே என்று புலம்புபவர்கள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஃபென்பென்டசோல் தனியாகவும் கிடைக்கும். நல்ல மருந்து, ஆனால் ஒரு வேளை கொடுத்து நிறுத்தினால் நாய்க்குப் பயன் குறைவு. கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து 3 நாள், உணவோடு. உருளை, கொக்கி, சாட்டை மூன்றுக்கும் ஆகும். நாடாப்புழுவில் இறைச்சி வழி வரும் ஒரு வகையைக் கொல்லும், தெள்ளு வழி வருவதைக் கொல்லாது.

மில்பெமைசின் என்ற பெயர் இருந்தால் உருளை, கொக்கி, சாட்டையோடு இதயப்புழுத் தடுப்பும் சேர்ந்தே கிடைக்கும். பிரசிகுவான்டெலோடு கலந்தும் இது வருகிறது. பிடரியில் ஊற்றும் மருந்துகளில் மாக்ஸிடெக்டின், செலமெக்டின் என்று போட்டிருக்கும். எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இவற்றில் எதுவும் நாடாப்புழுவுக்கு ஆகாது. உண்ணி, தெள்ளுக்கு என்று கொடுக்கும் மெல்லும் மாத்திரையையும் பெட்டியைப் படிக்காமல் நம்பிவிட வேண்டாம். அதில் புழுவுக்கான மருந்து கலந்திருக்கலாம், கலக்காமலும் இருக்கலாம். "மாதா மாதம் மாத்திரை கொடுக்கிறோமே" என்று சொல்லும் பலர் கொடுப்பது உண்ணி மாத்திரை மட்டும்தான்.

பைபரசின் பழைய மருந்து. உருளைப்புழுவைத் தவிர வேறெதற்கும் பயன்படாது. தவிர, பைரன்டெலோடு சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். இன்று அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

வீட்டில் இருப்பதைக் கொடுக்காதீர்கள்

மனிதர்களுக்கான அல்பென்டசோல் மாத்திரை வீட்டில் கிடக்கிறதே, பாதி உடைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். நாய்களில் அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைத்திருக்கிறது. பாதுகாப்பான மாற்று இவ்வளவு இருக்கும்போது அந்த ஆபத்தை விலைக்கு வாங்குவானேன்? மனிதர்களுக்கான சில இனிப்புச் சிரப்புகளில் சைலிடால் சேர்க்கிறார்கள், அது நாய்க்கு விஷம். பூண்டும் அப்படியே. புழுவைக் கொல்லாது, அளவு மீறினால் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

மாடு, குதிரைக்கான ஐவர்மெக்டின் இன்னும் மோசம். மருந்தைக் குறை சொல்லவில்லை. அது பிறந்த அவர்மெக்டின் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்கு 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். பிரச்சினை அளவில் இருக்கிறது. இதயப்புழுத் தடுப்புக்கு நாய்க்குத் தேவைப்படுவது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஆறு பங்கு. பெரிய கால்நடைக்கான மருந்தில் அந்த அளவை வீட்டில் அளந்தெடுக்கவே முடியாது. அதிலும் கோலி, ஷெட்லேண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மேய்ப்பு நாய்களிலும் அவற்றின் கலப்பினங்களிலும் எம்டிஆர்1 என்ற மரபணுக் குறை பரவலாக உண்டு. அந்த நாய்களின் மூளைக்குள் மருந்து தடையில்லாமல் ஏறி, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் வரை போகும், உயிரும் போகலாம். நாய்களுக்கென்றே அளந்து செய்த தடுப்பு மாத்திரை சொன்ன அளவில் இவற்றுக்கும் பாதுகாப்பானதுதான்.

சினை நாய்க்கும் பாலூட்டும் நாய்க்கும் எதைக் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கலவை மாத்திரைகள் பலவற்றில் சினை நாய்க்குக் கூடாது என்றே எழுதியிருக்கும். ஃபென்பென்டசோலை சினையின் கடைசிக் கட்டத்தில் தினமும் கொடுத்துக் குட்டிகளுக்குப் புழு இறங்குவதைக் குறைக்கும் முறை உண்டு, ஆனால் அதை அவர் சொல்லி, அவர் அளவில் செய்ய வேண்டும். காய்ச்சல், ரத்தப் பேதி, சாப்பிடாமை என்று ஏற்கனவே முடியாமல் கிடக்கும் நாய்க்கும் நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள்.

எப்போது, எத்தனை முறை

குட்டிக்கு 2 வாரத்தில் தொடங்கி 4, 6, 8 வாரங்களில். அதன் பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும்போது அதன் வயிற்றுக்கும் புழு போகிறது. ஏன் இத்தனை தடவை என்றால், மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்கிறது. ஈரலிலும் நுரையீரலிலும் பயணம் செய்துகொண்டிருக்கும் இளம்புழு இரண்டு வாரம் கழித்துக் குடலுக்கு வந்து சேரும். அதைப் பிடிக்கத்தான் அடுத்த தவணை. தத்தெடுத்த குட்டியின் பழைய கணக்கு தெரியாவிட்டால் வந்த நாளையே முதல் தவணையாக வைத்து, இரண்டு வாரத்தில் மறுபடி கொடுங்கள்.

வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான விதி. பச்சை இறைச்சி தின்னும், எலி பிடிக்கும், தெருவில் கிடப்பதை வாயில் வைக்கும் நாய்க்கு இது போதாது. அங்கே மாதம் ஒருமுறை வரை நாடாப்புழு மருந்து தேவைப்படலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு வருடத்துக்குச் சில முறை மலப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்து கொடுப்பதும் ஏற்கப்பட்ட முறையே. சாட்டைப்புழு என்று உறுதியானால் மாதம் ஒன்றாக 3 தவணை வரை போக வேண்டியிருக்கும்.

பூச்சி மருந்து தடுப்பூசி மாதிரி வேலை செய்யாது. பெரும்பாலான மாத்திரைகள் ஒன்றிரண்டு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், அடுத்த நாளே நாய் புதிதாகப் புழு பிடித்துக்கொள்ளலாம்.

கொடுப்பதும் அதற்குப் பிறகும்

பட்டினி போடவோ பேதி மருந்து கொடுக்கவோ வேண்டியதில்லை. மாத்திரையை உணவின் ஒரு சிறு உருண்டைக்குள் புதைத்து, முதலில் மருந்தில்லாத ஒரு உருண்டை, அடுத்து மருந்துள்ளது, உடனே மூன்றாவது என்று கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் ஏமாந்துவிடும். முழுத் தட்டு உணவில் கலந்தால் உணவை நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் மிச்சம் வைக்கும் நாய்கள் உண்டு. குட்டிக்குத் திரவ மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சிரப் பாட்டிலை நன்றாகக் குலுக்கிய பிறகு எடுங்கள், மருந்து அடியில் தங்கியிருக்கும்.

ஒரு வேளை வாந்தி, கொஞ்சம் இளகிய மலம், அதில் செத்த புழு அல்லது நெளியும் புழு, இவ்வளவுக்கும் பயப்பட வேண்டாம். புழுவே வரவில்லை என்றாலும் மருந்து தோற்றுவிட்டது என்று பொருளில்லை. பிரசிகுவான்டெல் பட்ட நாடாப்புழு குடலிலேயே செரித்துப் போய்விடும். கொடுத்த உடனேயே மாத்திரையோடு வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். நிறையப் புழு இருந்த குட்டி விடாமல் வாந்தி எடுத்து வயிறும் வீங்கினால், புழுக்கள் பந்தாகி குடலை அடைத்திருக்கலாம், அது அவசரம்.

நாடாப்புழு போய் மூன்று வாரத்தில் திரும்பி வந்தால் பழி மருந்துடையது அல்ல, தெள்ளுடையது. எல்லா நாய், பூனைக்கும் சேர்த்துத் தெள்ளு மருந்து போடாமல், படுக்கையைச் சூடான நீரில் துவைத்துக் காய வைக்காமல் பிரசிகுவான்டெலை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுப்பது வீண். மலத்தைத் தினமும் அள்ளிவிடுவதும் முக்கியம். உருளைப்புழு முட்டை புதிதாக விழுந்தவுடன் தொற்றாது, மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் எடுத்துவிட்டால் நாய்க்கும் நல்லது, மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கும் நல்லது. இந்தப் புழுவின் இளம்பருவம் மனிதர்களின் கண், ஈரல் வரை போகக்கூடியது.

சரியான எடைக்குச் சரியான மருந்து கொடுத்தும் கொக்கிப்புழு போகவில்லை என்றால், மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் மலத்தை மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். வழக்கமான மருந்துகளுக்குச் சாகாத கொக்கிப்புழு அமெரிக்காவில் பந்தய நாய்களில் தொடங்கிப் பரவியிருக்கிறது. முட்டைகள் குறையவே இல்லை என்றால் அதே மருந்தை வேறு பெயரில் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.